துணிக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பயிற்சி வகுப்பில் பேச வாருங்கள் என்று என்னைக் கூப்பிட்ட உங்கள் மேனேஜர், "உங்க சாதனைகள்ல நாலஞ்சு எடுத்துச் சொல்லுங்க, புதுசா வந்த பசங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நாலஞ்சு தேறவில்லை. தேறிய ஒன்றிரண்டும் வேறு யாரோ முக்கால்வாசி முடித்த வேலையில் நான் போய்க் கடைசி ஸ்குரூவை முறுக்கிவிட்டுப் பேர் வாங்கியவை. அதனால் என் முட்டாள்தனத்தில் ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். அந்தச் சரக்கு என்னிடம் எப்போதும் கையிருப்பில் உண்டு.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் ஹோட்டல், பேக்கரி, ஃபேக்டரி கேன்டீன் என்று எங்கே எலக்ட்ரிக் ஓவன் ரிப்பேர் ஆனாலும் நான்தான் போவேன். என்னை எல்லோரும் 'மெக்கர் மாதேஷ்' என்பார்கள். எல்லோரும் என்றால், முதலில் நான். போனை எடுத்ததும் "மெக்கர் மாதேஷ் பேசறன்" என்று நானே சொல்லிச் சொல்லி அந்தப் பெயரைப் பரப்பினேன். மெக்கர் என்பது, மெஷினுக்குள் கரண்ட் எங்காவது கசிந்து அதன் உடம்புக்கு வருகிறதா என்று பார்க்கும் மீட்டர். ஒரு கிளிப்பைக் கரண்ட் போகும் ஒயரில் மாட்ட வேண்டும், இன்னொன்றை மெஷினின் உடம்பில். முள் மேலே போய் நின்றால் கசிவு இல்லை, கீழே விழுந்தால் இருக்கிறது. இதில் மேதாவித்தனம் ஒன்றும் கிடையாது. ஆனால் நான் அதைத் தோல் பையிலிருந்து எடுக்கிற தினுசைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நாதஸ்வரக்காரர்கூட உறையிலிருந்து வாத்தியத்தை அப்படி எடுக்கமாட்டார்.

என்னைக் கெடுத்தது ஒரு போன் கால். குருபரப்பள்ளிப் பக்கம் ரோட்டோர ஹோட்டல்காரர் ஒருவர், ஓவன் சூடாகவில்லை என்று கூப்பிட்டார். நான் பஸ்ஸில் இருந்தேன். இறங்கிப் போகச் சோம்பல். "கீழ் ஹீட்டர் ஒயர் கருகி இருக்கும், பாருங்க" என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அவர் திறந்து பார்த்தால் நிஜமாகவே கருகி இருந்தது. அந்த மனுஷன் ஊரெல்லாம் சொன்னார். அதற்கப்புறம் கேட்ட கேள்விக்கெல்லாம் உடனே பதில் சொல்லாவிட்டால் எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற நாலைந்து வருஷம் இருக்கும்போது நடந்தது. ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் ரங்கப்பா என்பவர் பேக்கரி வைத்திருந்தார். கடை இல்லை, வெறும் சமையல்கூடம். பன்னும் பஃப்ஸும் செய்து நாலு ஃபேக்டரிகளின் சாயங்கால டீக்கு அனுப்புவார். கன்னடக்காரர். மரியாதையான ஆள், ஆனால் எந்நேரமும் யாரோ துரத்துவதுபோல் இருப்பார். அவரிடம் மூன்று அடுக்கு எலக்ட்ரிக் ஓவன் ஒன்று இருந்தது. அதற்கு வரும் லைனில் டிரிப் சுவிட்ச். கரண்ட் கசிந்து ஒரு மனித உடம்பு வழியாகப் பூமிக்கு இறங்கினால், கண் இமைக்கும் முன் லைனை வெட்டிவிடுகிற சுவிட்ச். கொஞ்ச நாளாக அது தினமும் மூன்று நாலு தடவை விழுகிறது என்று கூப்பிட்டார்.

காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தோல் பையைத் திறந்தேன். ஒரு கிளிப்பைக் கரண்ட் ஒயரில் மாட்டினேன். இன்னொன்றை ஓவனின் உடம்பில் மாட்ட வேண்டும் என்று இப்போதுதான் உங்களிடம் சொன்னேன். அதற்கு ஓவனுக்குப் பின்னால் போய், பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்துக் குனிய வேண்டும். எனக்கு முட்டி வலி. சுவரில் இருந்த பெட்டிக்குள்ளேயே எர்த் ஒயர் கண்ணெதிரே இருந்தது. எர்த் ஒயர் எப்படியும் மெஷின் உடம்புக்குத்தானே போகிறது? அதிலேயே மாட்டினேன். முள் ஜம்மென்று மேலே போய் நின்றது. மீட்டரைத் தூக்கி ரங்கப்பாவிடம் காட்டினேன்.

"பாத்தீங்களா? ஓவன் சுத்தமா இருக்குது. உங்க டிரிப் சுவிட்சுக்குத்தான் வயசாயிடுச்சு. காரணமில்லாம விழுது."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "காரணமில்லாம வுழல சார். நாங்க தொடைக்கும்போதுதான் வுழுது."

நாராயணம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். பேரிகை கிராமத்திலிருந்து தினமும் வேனில் வருவார். அங்கே வேலை செய்த ஆறு பெண்களில் மூத்தவர். தட்டு கழுவுவதும் ஓவனைத் துடைப்பதும் அவர் பொறுப்பு. வீட்டில் தெலுங்கு, முதலாளியிடம் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்று மொழியில் சொல்லத் தெரிந்தவரின் பேச்சை ஒரு மொழியில்கூட நான் கேட்கவில்லை.

"அம்மா, துணிக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

இருபத்தெட்டு வருஷ அனுபவத்தோடு, ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலில் ஈரத் தரையில் நிற்கிற ஒரு பெண்ணிடம் நான் இதைச் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் ரங்கப்பா பக்கம் திரும்பிவிட்டேன்.

புது டிரிப் சுவிட்ச் பெங்களூரிலிருந்து மறுநாள்தான் வரும். ரங்கப்பா கைகளைப் பிசைந்தார். "சார், இவத்தொந்து தினா ஹேகாதரூ ஓடிஸி. இன்னைக்கு ஒரு நாள் எப்படியாவது ஓட்டிக் குடுங்க. மூணரைக்கு வண்டி போகணும். ஒரு ஃபேக்டரி இப்பதான் புதுசா ஆர்டர் குடுத்திருக்காங்க. முதல் வாரமே தவறினா முடிஞ்சுது."

ஒரு வழி இருந்தது. டிரிப் சுவிட்சிலிருந்து ஒயர்களைக் கழற்றி நேராகச் சேர்த்துவிடுவது. 'டைரக்ட்' என்போம். செய்யவே கூடாது என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ரங்கப்பா என்னை வற்புறுத்தினார் என்று பழி போட எனக்கு ஆசைதான். ஆனால் நான் ஒயரைக் கழற்றும் முன் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "ஆபத்து ஒண்ணும் இல்லையே சார்?"

"நான் இருக்கறன்ல?" என்றேன்.

டைரக்ட் போட்டேன். ஓவன் சூடேறியது. அரை மணி, ஒரு மணி, விழவில்லை. விழ அங்கே சுவிட்சே இல்லையே, எப்படி விழும்? ஆனால் ரங்கப்பா எனக்குக் கை கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். டீ வந்தது. காலை ஆட்டிக்கொண்டு குடித்தேன்.

முதல் தட்டு பன் வெளியே வந்ததும் நாராயணம்மா ஓவனின் முன்பக்கத்தைத் துடைக்க வந்தார். துணி பட்டதும் "அய்யோ தேவுடா!" என்று ஒரு சத்தம். துணி ஒரு பக்கம் பறந்தது. அவர் பின்னால் போய்ச் சுவரில் மோதி நின்றார். கையை மறுகையால் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"முன்னெல்லாம் சுருக்குனு ஒரு கடி கடிக்கும் சார், ஒடனே கரண்ட் போயிடும். இப்ப இழுக்குது. வுடல."

இந்த வாக்கியத்தைக் கேட்ட கணமே நான் ஓடிப்போய் மெயினை அணைத்திருக்க வேண்டும். என்ன கோளாறு என்பது முழுக்க அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருந்தது. அதற்குப் பதிலாக நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது ஸ்டாட்டிக்மா. குளிர்காலத்துல கம்பளியில வரும் பாருங்க, அந்த மாதிரி." அப்போது சித்திரை மாதம்.

மற்ற ஐந்து பெண்களும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள். ஓவனைவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். ரங்கப்பா என்னைப் பார்த்தார். என் மானம் போகிறது என்று எனக்குத் தோன்றியது. உயிர் போகிறது என்று தோன்றவில்லை. எழுந்து போய், எல்லோரும் பார்க்க ஓவன்மேல் கையை வைத்தேன். ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா?"

நாராயணம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். தடித்த ரப்பர் அடி போட்ட சேஃப்டி ஷூ.

"அத கழட்டிட்டு தொடு சார்."

அதுவரை 'வாங்க போங்க' என்றவர் அப்போதுதான் 'தொடு' என்றார். எனக்குச் சுருக்கென்றது. கழற்றினேன். வீம்புக்கு சாக்ஸையும் கழற்றினேன். தரை ஈரமாக, சில்லென்று இருந்தது. நாராயணம்மா சுவர் ஓரம் போய் மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இப்ப தொடு."

எதற்கு அங்கே போய் நிற்கிறார் என்று சிரிப்பு வந்தது எனக்கு. கையை நீட்டினேன். நீட்டும்போது ஒன்று நடந்தது. என் கை தானாகத் திரும்பிக்கொண்டது. உள்ளங்கையை வைக்காமல் புறங்கையை வைத்தேன். உள்ளங்கையால் தொட்டால், ஷாக் அடிக்கும்போது விரல்கள் மடங்கி அதையே பிடித்துக்கொள்ளும் என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்னால் என் கை அந்த அம்மாவை நம்பிவிட்டது. வாய்தான் கடைசிவரை நம்பவில்லை.

தோள்வரைக்கும் ஒரு அடி. துள்ளிப் பின்னால் போனேன், கால் வழுக்கியது, பிசைந்து வைத்திருந்த மைதா டப்பில் போய் உட்கார்ந்தேன். பெரிய அலுமினிய டப். நன்றாகப் பொங்கிய மாவு. இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டேன். 'டொம்' என்று மெயின் சுவிட்ச் விழுந்த சத்தம் கேட்டது. நான் தொட்ட அதே நொடியில் நாராயணம்மா இழுத்துவிட்டார். தினமும் நாலு தடவை கரண்டைத் திருப்பிப் போட்டுப் போட்டு, எந்தச் சுவிட்ச் எதற்கு என்று அந்த ஷெட்டில் அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். எங்கள் ஆபீஸில் ஒரு வருஷம் சிரித்தார்கள். என் பேரே 'மைதா மாதேஷ்' என்று மாறியது. ஆனால் அன்றைக்கு அந்த ஷெட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாராயணம்மா வந்து கை கொடுத்துத் தூக்கினார். "அடி பட்டுச்சா சார்?" என்றார். 'தொடு' என்றபோது இருந்த கோபம் குரலில் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாவோடு நின்றபோதுதான் எல்லாம் புரிந்தது. டிரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழவே இல்லை. ஈரக்கையோடு ஒரு பெண் ஓவனைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் அது விழுந்திருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை யாரோ ஒருத்தியின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. நான் வந்து அதைக் கெட்டுப்போனது என்று சொல்லிக் கழற்றி வைத்தேன்.

சரி, அப்படிக் கசிவு இருந்தால் என் மெக்கர் ஏன் காட்டவில்லை? இப்போது குனிந்தேன். முட்டி வலி எங்கே போனது என்று தெரியவில்லை. ஓவனின் பின்மூடியைக் கழற்றினேன். நாராயணம்மா டார்ச் அடித்தார். எர்த் ஒயர் எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் சிவப்பு டேப் இரண்டு சுற்று.

ஒயர் நுனியில் சிவப்பு டேப் இரண்டு சுற்றுச் சுற்றுவது என் வழக்கம். வேறு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். இது மாதேஷ் கை வேலை என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே சுற்றுவேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மேலே புகைபோக்கி வைக்க அந்த ஓவனை மூன்றடி தள்ளினார்கள். திரும்ப ஒயர் மாட்டியது நான்தான். எர்த் நட்டு கை தவறி மெஷினுக்கு அடியில் உருண்டுவிட்டது. அப்புறம் எடுத்து மாட்டலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் போன் அடித்தது. "மெக்கர் மாதேஷ் பேசறன்" என்று ஆரம்பித்துப் பேசி முடித்து, பின்மூடியை மூடிவிட்டு வந்துவிட்டேன். எர்த் இருந்திருந்தால், கசிந்த கரண்ட் அதன் வழியாக இறங்கி முதல் நாளே சுவிட்சை விழ வைத்திருக்கும், யார் கையிலும் படாமல். எர்த் இல்லாததால் கரண்ட் ஓவன் உடம்பிலேயே காத்துக்கொண்டிருந்தது, யாராவது வந்து தொடட்டும் என்று. நான் மெக்கர் கிளிப் மாட்டியதும் இதே எர்த் ஒயரின் மறுமுனையில்தான். எதனோடும் சேராத ஒயரில் மாட்டினால் முள் மேலேதான் நிற்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் ஓவனைச் சோதிக்கவே இல்லை.

கிளிப்பை ஓவன் உடம்பில் மாட்டினேன். முள் செத்த பல்லி மாதிரிக் கீழே விழுந்தது. கீழ் அடுக்கு ஹீட்டர் ஒன்றின் உறை விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் போயிருந்தது.

"ஏனாயித்து சார்? என்ன ஆச்சு?" ரங்கப்பா தலைக்கு மேல் நின்று கேட்டார்.

தம்பி தங்கைகளே, ஷாக்கைவிடப் பெரிய கண்டம் இதுதான். பேக்கரியில் எலி இருக்கும். ஒயரைக் கடிக்கும். யாரும் நம்புவார்கள். நட்டை மாட்டிவிட்டு மூடினால் தீர்ந்தது. "எலி..." என்று என் வாய் ஆரம்பித்தும்விட்டது. டார்ச் வெளிச்சம் சிவப்பு டேப்பைவிட்டு அசையவில்லை. நாராயணம்மாவுக்கு அது என் டேப் என்று தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வெளிச்சத்தை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எலி இல்லீங்க. நான்தான். அன்னைக்கு எர்த் நட்டு மாட்டாம மூடிட்டன்."

ரங்கப்பா கன்னடத்தில் திட்டினார். எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தெரியாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. மூச்சு வாங்கிக்கொண்டு, "எர்த்த மாட்டிட்டு இன்னைக்கு மட்டும் டைரக்ட்லயே ஓட்ட முடியுமா?" என்று அவரே கேட்டார். பாவம், மூணரை மணி அவரை அப்படிப் பேச வைத்தது.

"முடியாதுங்க. கீழ் அடுக்க கழட்டிடறன். டிரிப் சுவிட்ச் திரும்பப் போடறன். மேல் ரெண்டு அடுக்குல எவ்வளவு வருமோ அவ்வளவுதான். பஃப்ஸ் இன்னைக்கு இல்ல."

"அத நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க." அந்தப் புது ஃபேக்டரியின் கேன்டீன் பொறுப்பாளருக்குப் போனைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

மாவு காய்ந்து பேன்ட் விறைத்துப் போய் நின்றுகொண்டு சொன்னேன். ஓவனில் கரண்ட் கசிவு, வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து, தப்பு என்னுடையது, இன்றைக்குப் பாதி பன்தான் வரும், பஃப்ஸ் வராது.

"அப்படியா? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே? சரி விடுங்க, மீதிப் பேருக்கு பிஸ்கட் குடுத்துக்கறோம். நாளைக்கு வந்துடுமில்ல?"

"வந்துடுங்க."

"சரி, வெச்சிடறன்."

அவ்வளவுதான். ஆறு பெண்களின் உயிரைப் பணயம் வைத்து நான் காப்பாற்றப் பார்த்த விஷயம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் முடிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காலை பத்து மணிக்கே இந்தப் போனைப் போட்டிருக்கலாம்.

எர்த் மாட்டினேன். கீழ் அடுக்கைப் பிரித்து எடுத்தேன். டிரிப் சுவிட்சைத் திரும்பப் போட்டு, அதன் சோதனைப் பட்டனை அழுத்தினேன். 'டக்' என்று விழுந்தது. வயசெல்லாம் ஆகவில்லை, அங்கே இருந்தவற்றில் அது ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்தது. மெக்கரை வைத்து, ஓவன் உடம்பிலேயே வைத்து, மூன்று தடவை பார்த்தேன். கரண்ட் கொடுத்தேன். பெண்கள் நகரவில்லை. யாரும் கேட்கும் முன் நானே வெறுங்காலோடு போய் நின்று கையை நீட்டினேன்.

"உள்ளங்கை வை சார்," என்றார் நாராயணம்மா.

புறங்கையைத் திருப்பியதை அவர் அப்போதே கவனித்திருக்கிறார். உள்ளங்கையை வைத்தேன். பத்து எண்ணும்வரை எடுக்கவில்லை. அப்புறம்தான் அவர் தன் துணியை எடுத்து நனைத்துக்கொண்டு வந்தார். முதலில் அவர் துடைத்தார். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டார்.

நான் பையைக் கட்டும்போது பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"அந்த சுவிட்ச் எங்கள காப்பாத்துதுன்னு தெரிஞ்சுதான் எடுத்தீங்களா சார்?"

"தெரியாமதான்மா எடுத்தேன். எதனால விழுதுன்னு எனக்குப் புரியல."

"புரியலன்னா புரியலன்னு சொல்லியிருக்கலாமில்ல சார்? நாங்க ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டமே."

அத்தனை வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையை எந்தக் கஸ்டமர் முன்னாலும் நான் சொன்னதே கிடையாது. நடந்ததை அப்படியே எழுதி ஆபீஸில் கொடுத்தேன். மூன்று மாதம் என்னை வெளியே அனுப்பாமல் ஸ்பேர் பார்ட்ஸ் ரூமில் உட்கார வைத்தார்கள். நியாயம்தான்.

வெளியே அனுப்பிய முதல் நாள் கிருஷ்ணகிரியில் ஒரு ஹோட்டல். ஓவன் விட்டுவிட்டு அணைகிறது. ஒரு மணி நேரம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. முதலாளி வந்து, "என்ன சார் கோளாறு?" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"தெரியலீங்க," என்றேன். "இதைத் தினமும் துடைக்கிறவங்க யாருன்னு சொல்லுங்க. அவங்ககிட்டப் பேசணும்."

அவர் ஒன்றும் நினைக்கவில்லை. "கொஞ்சம் இருங்க, கூப்பிடறன்," என்று உள்ளே போனார்.